சுவர்ப்பாறை: ஒரு பொத்தையும் அதைச் சுற்றி எழுந்த வழக்கும்

நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் நடுவே, குளத்துப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் ஒரு பொத்தை, அதாவது சிறு பாறைக் குன்று, இருக்கிறது. ஐந்தாறு பனை உயரம் இருக்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சுனை, அடிவாரத்தில் ஒரு சாஸ்தா கோயில், சுற்றிலும் உடைமரக் காடு. திருநெல்வேலிச் சீமையில் இப்படிப்பட்ட பொத்தைகளுக்குப் பஞ்சமில்லை. இதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது வடகிழக்குச் சரிவில் நிற்கும் ஒரு சுவர். ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம், ஐந்து வரிசைக் கற்கள். கற்கள் பெரும்பாலும் செவ்வகம். மூலைகள் நேராக இறங்குகின்றன. பல இடங்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கத்தி முனைகூட நுழையாது. தூரத்திலிருந்து பார்க்கும் எவரும் இடிந்த கோட்டை மதில் என்றுதான் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் சுவர்ப்பாறை என்கிறார்கள்.

ஊரின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. காரணம் சுவரின் நடுவிலேயே இருக்கிறது. ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம். ஒரு அமாவாசை இரவில் யாரோ வெடி வைத்து உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோட்டை என்றால் உள்ளே அறை இருக்கும், அறை என்றால் புதையல் இருக்கும் என்ற கணக்கு. இந்தப் பாறை பத்தாயிரம் ஆண்டுக்கு முந்திய கோட்டை என்று கைபேசியில் ஒரு காணொளி சுற்றத் தொடங்கிய பிறகு நடந்தது இது. அதற்கு முன் பல தலைமுறைகளாக அங்கே சொல்லப்பட்டு வந்த கதை வேறு. பஞ்சபாண்டவர் வனவாசத்தில் ஒரே இரவில் மதில் எழுப்பத் தொடங்கினார்கள், சேவல் கூவியதும் அப்படியே விட்டுப் போனார்கள் என்பது அந்தக் கதை. பாண்டவர் கதையை நம்பிய காலத்தில் ஒருவரும் அங்கே வெடி வைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளம் விழுந்த சில மாதங்களில் இன்னொரு பேச்சும் வந்தது. பொத்தையைக் கல்குவாரிக்குக் குத்தகை கேட்கிறார்கள் என்று. ஊர் இளைஞர்கள் பதறிப்போனார்கள். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தவர்கள், நிலவியல் படித்தவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இது பழங்கால மனிதர் கட்டிய சுவர் என்று எழுதிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தக் கோரிக்கையின் பின்னால் இருந்த அச்சம் நியாயமானது. இயற்கையாக விளைந்தது என்றால் வெறும் கல், வெறும் கல் என்றால் ஜல்லி. மனிதர் கட்டியது என்றால் மட்டும்தான் மதிப்பு. இப்படி ஒரு தராசில்தான் நம் பொத்தைகள் எல்லாம் நிறுக்கப்படுகின்றன. ஆனால் பாறை என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுத முடியும். முதலில் பார்ப்போம், பிறகு எழுதுவோம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

சுவரைப் படித்தது

சுவரில் இருந்த முதல் குறையைக் கண்டுபிடித்தவர் எங்களோடு வந்த ஒரு கொத்தனார். வயதில் மூத்தவர், ஊரில் பாதி வீடுகள் அவர் கை வேலை. சுவருக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “இதைக் கட்டியவன் வேலை தெரியாதவன் தம்பி” என்றார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டதற்கு, செங்குத்தாக ஓடும் ஒரு விரிசலை மேலிருந்து கீழ்வரை கையால் இழுத்துக் காட்டினார். ஐந்து வரிசையையும் அது ஒரே கோடாக வெட்டிக்கொண்டு இறங்கியது. மூட்டுக்கு மேல் மூட்டு வரக் கூடாது என்பது செங்கல் பிடிக்கும் எவனும் முதல் வாரத்தில் கற்பது. ஒரு வரிசையின் மூட்டை மேல் வரிசைக் கல் நடுவில் மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சுவர் அந்தக் கோட்டில் பிளந்துவிடும். இந்த விதி சிமெண்டோடு வந்தது அல்ல. காரை இல்லாமல் கல்லைக் கல்லின் மேல் அடுக்கியவர்களுக்கு இது இன்னும் அவசியம். சுவர்ப்பாறையிலோ செங்குத்து விரிசல்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை தொடர்ந்தே ஓடுகின்றன.

இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. திறமையில்லாத கட்டுமானம் என்று ஒருவர் வாதிடலாம். ஆகவே கல்லுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. பொத்தையின் பாறை நைஸ் வகை. வெளிர், கரும் பட்டைகள் மாறி மாறி ஓடும் பாறை இது. இடையிடையே கடுகு அளவிலிருந்து மிளகு அளவுவரை சிவந்த கார்னெட் மணிகள். உவரி, கூட்டப்புளிப் பக்கக் கடற்கரையில் செக்கச்செவேலென்று ஒதுங்குகிற மணலில் இருப்பதும் இதே கனிமம்தான். இப்படிப்பட்ட பாறைகள் தேய்ந்து, மழை நீரில் இறங்கிக் கடல்வரை போனவை.

சுவரின் மேற்கு முனையில் விரல் தடிமனில் ஒரு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) வரி சாய்வாக ஓடுகிறது. இரண்டாம் வரிசையில் ஒரு கல்லில் தொடங்கி, அதற்குப் பக்கத்துக் கல்லில் நுழைந்து, மேல் வரிசைக்கு ஏறி, நான்காவது கல்லில் மறைகிறது. நடுவில் ஒவ்வொரு விரிசலையும் கடக்கும்போது வரி இம்மியும் விலகவில்லை. தடிமன் மாறவில்லை, சாய்வு மாறவில்லை. வேறு வேறு இடத்தில் வெட்டிக் கொண்டுவந்து அடுக்கிய கற்களில் இப்படி ஒரு வரி தொடரவே முடியாது. பாறையின் பட்டைகளும் அப்படித்தான். இந்தக் கல்லில் விட்ட இடத்தில் அடுத்த கல்லில் தொடர்கின்றன. 

இளைஞர்களில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். இருந்த இடத்திலேயே பாறையைக் கல் கல்லாகப் பிளந்து, அதே வரிசையில் திரும்ப அடுக்கியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் பிளந்த விளிம்புகளில் சிதைவு இருக்க வேண்டும். கடப்பாரை நெம்பிய தடம் இருக்க வேண்டும். பிளக்கும்போது தெறித்த சில்லுகள் அடியில் கிடக்க வேண்டும். எதுவும் இல்லை. அதைவிட அழுத்தமான சான்று ஒரு கார்னெட் மணியில் கிடைத்தது. விரிசல் அதன் நடுவே ஓடியிருந்தது. பாதி மணி மேல் கல்லில், பாதி மணி கீழ்க் கல்லில், ஒன்றுக்கு நேராக ஒன்று. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பாதிகளின் ஓரமும் பொருந்துவது தெரிந்தது. பிரித்து அடுக்கிய எவராலும் இப்படித் திரும்ப வைக்க இயலாது.

கடைசிச் சான்றைக் கொடுத்தது புதையல் வேட்டைக்காரர்கள் தோண்டிய பள்ளம். ஊருக்கு அவர்கள் செய்தது அநியாயம். ஆனாலும் சுவரின் உள்பக்கத்தை அது திறந்து வைத்துவிட்டது. வெளியே தெளிவாகத் தெரிந்த கிடை விரிசல் உள்ளே போகப்போக மெலிந்து, ஒரு முழம் ஆழத்தில் மயிரிழை ஆகி, பிறகு இல்லாமலே போகிறது. அதற்கு அப்பால் ஒரே பாறை. கற்களுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. அறை கிடையாது, நிரப்பிய மண் கிடையாது. வெளிப்பக்கத்தில் மட்டும் கட்டங்கள் விழுந்த முழுப் பாறையைத்தான் சுவர் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேர்க்கோடு எப்படி வந்தது

இயற்கையில் நேர்க்கோடு கிடையாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இத்தகைய காணொளிகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. உண்மையில் பாறை உடையும்போது நேராக உடைவதே வழக்கம்.

இந்தச் சீமையின் பாறைகள் இன்றைய உருவம் பெற்றது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருநிலம் உருவான காலத்தில். அப்போது இவை இருந்தது மேற்பரப்பில் அல்ல. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும். மேலே இருந்த அத்தனை பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போன பின்தான் இவை வெளிச்சத்துக்கு வந்தன. அழுத்தம் நீங்கும்போது பாறை விரிகிறது, விரியும்போது தரைக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கிறது. சுவர்ப்பாறையின் வரிசைகள் அப்படி வந்தவை. செங்குத்து விரிசல்களின் காரணம் வேறு. நிலத்தட்டுகள் அழுத்தியபோதும் இழுத்தபோதும் பாறையில் விழுந்த முறிவுகள் அவை. ஒரே விசைக்கு உட்பட்ட பாறை ஒரே திசையில்தான் முறியும். ஆகவே விரிசல்கள் ஒன்றுக்கொன்று இணையாக, கிட்டத்தட்டச் சம இடைவெளியில் அமைகின்றன. ஒரு கிடைத் தொகுதி, இரண்டு செங்குத்துத் தொகுதிகள் சேர்ந்தால் பாறை தானாகவே செவ்வகக் கட்டைகளாகிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. திசைகாட்டியை எடுத்துச் சுவரின் விரிசல் திசைகளைக் குறித்தோம். ஒன்று வடமேற்கு–தென்கிழக்கு, மற்றது அதற்கு ஏறக்குறையச் செங்கோணத்தில். பிறகு பொத்தையின் மறுபக்கம் போனோம். சுவர் என்று யாரும் சொல்லாத வழவழப்பான மொட்டைப் பாறையிலும் அதே திசைகள். அரை கிலோமீட்டர் தள்ளி ஓடைக்குள் தெரியும் பாறையிலும் அதே திசைகள். கோட்டை கட்டியவன் ஓடைக்கு அடியில் இருக்கும் பாறைக்கும் அதே கோணத்தில் கோடு போட்டிருக்க மாட்டான்.

சுவருக்கு மேலே உச்சியில் மூன்று உருண்டைப் பாறைகள் நிற்கின்றன. காணொளி அவற்றைக் காவல் கோபுரம் என்கிறது. அவையும் செவ்வகக் கட்டைகளாகப் பிறந்தவைதான். மண்ணுக்குள் இருந்த காலத்தில் விரிசல் வழியே இறங்கிய நீர் பாறையை மக்க வைத்தது. மூலையை மூன்று பக்கமும், விளிம்பை இரண்டு பக்கமும், முகத்தை ஒரே பக்கமும் நீர் தாக்கும். எனவே மூலைதான் முதலில் போகும். மழையில் நனைந்த கருப்பட்டிச் சில்லு முனை கரைந்து உருண்டையாவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மக்கிய பகுதி சரளாகி அடித்துக்கொண்டு போக, மக்காத நடுப்பகுதி உருண்டையாக நின்றுவிடுகிறது. யாராவது உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்களா என்பதற்கும் பாறையின் பட்டைகளே சாட்சி. மூன்றில் இரண்டு பாறைகளில் பட்டைகள் அடிப்பாறையின் பட்டைகளோடு ஒரே திசையில் ஓடுகின்றன. பிறந்த இடத்திலிருந்து அவை அசையவே இல்லை. மூன்றாவதில் பட்டைகள் குறுக்காகத் திரும்பியிருக்கின்றன. அது மட்டும் தன் இடத்திலிருந்து சரிந்து உருண்டு நின்றது. மாமல்லபுரத்து வெண்ணெய்த் திரட்டுப் பாறையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

முன்னோரைக் குறைத்துப் பேசுவதா?

இதையெல்லாம் சொன்னபோது ஒரு கசப்பு எழுந்தது. நம் முன்னோரால் முடியாது என்கிறீர்களா என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முடியாது என்பது என் வாதமே அல்ல. சுவர்ப்பாறையின் பெரிய கல் ஒன்றை அளந்தோம். ஒன்றரை மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்தால், இந்தப் பாறையின் எடைக்கு ஏறத்தாழ இரண்டு டன். கோயில் கட்டியவர்களுக்கு இரண்டு டன் ஒரு பொருட்டே அல்ல. கழுகுமலைக்குப் போய் வெட்டுவான் கோயிலைப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையின் ஒரு பகுதியை மூன்று பக்கமும் ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்துக்கு அகழ்ந்து, நடுவில் நின்ற பாறையை மேலிருந்து கீழாகக் கோயிலாகச் செதுக்கினார்கள். வேலை முடியவில்லை. சிகரம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. அந்த முடியாத இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எங்கே தொடங்கினார்கள், எந்த வரிசையில் இறங்கினார்கள், எங்கே உளியைக் கீழே வைத்தார்கள் என்பதெல்லாம் கல்லிலேயே எழுதியிருக்கிறது. மனிதர் தொட்ட பாறை இப்படித்தான் இருக்கும். அதில் ஒரு நோக்கம் தெரியும், வேலையின் படிநிலை தெரியும்.

சீவலப்பேரிக்கு அருகே மருகால்தலையில் இருக்கும் குகைத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குகையை யாரும் கட்டவில்லை, இயற்கையாக அமைந்தது. உள்ளே துறவிகளுக்குக் கல்லில் படுக்கை வெட்டினார்கள், முகப்பில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரி பொறித்தார்கள். 1906இல் வெளியுலகுக்குத் தெரியவந்த அந்த வரி “வெண்காஸிபன் கொடுபித கல்காஞ்சணம்”. காசிபன் என்பவன் செய்வித்துக் கொடுத்த கல்படுக்கை. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கல்வெட்டு அறிஞர்களின் கணிப்பு. அந்தப் படுக்கைகளையும் ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் சொல்லிவந்தார்கள். இயற்கை தந்த பாறை, அதில் மனிதர் செய்த சிறிய வேலை. இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்ததால்தான் ஒரு கொடையாளியின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு கடந்து நமக்குக் கிடைத்தது. குகை முழுவதையும் மனிதர் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஒரு வரி யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் அகழாய்வைத் தொடங்கிவைத்து, 1899க்கும் 1905க்கும் இடையே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய பரம்பில் (சரளை மேட்டில்), தாழிகளைப் புதைக்க அடியில் இருந்த வெங்கச்சங்கல் பாறையையே குடைந்திருக்கிறார்கள். தாழிக்கும் தாழிக்கும் நடுவே சில அங்குலம் மட்டும் பாறையை விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் குழிகளை இயற்கை என்று எவரும் சொல்ல மாட்டார். உள்ளே தாழி இருக்கிறது, இரும்பு இருக்கிறது, வெண்கலம் இருக்கிறது, பொன் பட்டம் இருக்கிறது. மனிதர் வாழ்ந்த, புதைத்த இடம் பொருளால் பேசும். வள்ளியூர்ப் பக்கம் துலுக்கர்பட்டியில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளிலும் பேசியது கருப்பு-சிவப்பு மட்பாண்டமும் அதில் கீறிய குறியீடுகளும்தான். சுவர்ப்பாறை கோட்டையாக இருந்திருந்தால் கட்டியவர்கள் எங்கே சமைத்தார்கள், எதில் குடித்தார்கள்? உழவு முடிந்து மழையும் பெய்த பிறகு அடிவாரப் புன்செய்க் காடுகளில் நடந்து பார்த்தோம். ஓடு, உடைந்த கண்ணாடி, அண்மைக் காலப் பானைச் சில்லு தவிர எதுவும் மேலே வரவில்லை.

இன்னும் பழையவர்களைத் தேட வேண்டுமானால் பார்வையைத் தாழ்த்த வேண்டும். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகள் என்ற செம்மணல் மேடுகளில் நகக்கண் அளவு கல் சில்லுகள் கிடைக்கின்றன. வெங்கச்சங்கல்லையும் செர்ட் என்ற கடினக் கல்லையும் தட்டிச் செய்த நுண்கருவிகள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்திலிருந்தே அறியப்பட்டவை. ஜோய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் 1956இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வேட்டையாடித் திரிந்த அந்த மக்கள் மதில் எதையும் விட்டுச் செல்லவில்லை. ஒரு சில்லின் ஓரத்தில் வரிசையாகத் தட்டிய பற்களை விட்டுச் சென்றார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், தட்டிய கையின் கவனம் தெரியும். அதைக் கண்டுகொள்ளாமல் பாறைகளில் பிரம்மாண்டம் தேடுவதுதான் முன்னோரை அவமதிப்பது என்று நினைக்கிறேன்.

யாரும் பார்க்காத வேலை

சுவர்ப்பாறையில் மனிதர் கை பட்ட இடமும் இருக்கிறது. அது சுவரில் இல்லை, சுனையில் இருக்கிறது.

சுனை இயற்கையானதுதான். பாறை மேல் தேங்கிய நீர் நீண்ட காலம் அரித்து உண்டாக்கிய பள்ளம். ஆனால் அதன் மேற்கே விரிந்து கிடக்கும் மொட்டைப் பாறையில் ஒரு காடி ஓடுகிறது. இரண்டு விரல் அகலம், ஒரு விரல் ஆழம். பாறையின் சரிவுக்குக் குறுக்காக, மிக மெல்ல இறங்கிச் சுனையின் விளிம்பில் முடிகிறது. நடுப்பகலில் பார்த்தால் தெரியாது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது காடியின் அடியில் கொத்துக் கொத்தாக உளிப் புள்ளிகள் நிழலோடு எழுந்து நிற்கின்றன. நீர் தானாக அரித்த தடம் சரிவோடு நேரே கீழே ஓடும், அடி வழவழப்பாக இருக்கும். இது சரிவைக் குறுக்காக வெட்டித் திரும்புகிறது. மழை நாளில் வீணாக வழிந்து போகும் நீரைச் சுனைக்குள் திருப்ப ஒருவர் உட்கார்ந்து வெட்டியது. குகைத்தளங்களின் நெற்றியில் மழைநீர் உள்ளே வராமல் காடி வெட்டிய அதே அறிவு, இங்கே நீரை உள்ளே அழைப்பதற்குப் பயன்பட்டிருக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் சித்திரையிலும் இந்தச் சுனையில் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றால் அந்தக் காடியும் ஒரு காரணம்.

சுனைக்கு ஏறும் வழியில் குதிகால் பதியும் அளவுக்கு வெட்டிய படிக்கால்கள் இருக்கின்றன. தெற்குப் பக்கத்தில் ஒரு பாறையில் நீள்சதுரத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஆப்பு இறக்கிக் கல் பிளக்க வெட்டியவை. மேலே அகன்று கீழே குறுகும் துளைகள், உளியால் வெட்டியவை. இன்றைய எந்திரத் துளை உருண்டையாக, குழாய்போல் இறங்கும். அந்தப் பாறையிலிருந்து பிளந்த கற்களில் சில சாஸ்தா கோயில் பீடத்தில் இருக்கின்றன. பாறையில் நின்ற பாதித் துளைகளுக்கு ஜோடியான பாதித் துளைகள் பீடக் கல்லின் ஓரத்தில் அப்படியே தெரிகின்றன. கொத்தனார்தான் இதையும் கண்டுபிடித்தார்.

இவற்றுக்கு வயது என்ன என்று உடனே கேட்டார்கள். கல்லில் விழுந்த உளித்தடத்துக்குக் கார்பன் காலக்கணிப்பு செய்ய முடியாது. கார்பன் முறை ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் காலம் சொல்லும்: கரி, விதை, எலும்பு. பாறை இடுக்கில் இருக்கும் மண்ணைச் சுரண்டிக் காலம் கணித்தால் மண்ணின் காலம் வருமே தவிர வேலையின் காலம் வராது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் குனுங் பாடாங் என்ற குன்றைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வுக் கட்டுரை இந்த இடத்தில்தான் சறுக்கியது. அந்தக் குன்றின் மேலே எரிமலைப் பாறைத் தூண்களை வைத்து மனிதர் அமைத்த படித்தளங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அடியில் இருக்கும் அடுக்குகளும் மனிதர் கட்டியவை, 20,000 ஆண்டுக்கு மேல் பழையவை என்று அந்தக் கட்டுரை மண்ணின் கார்பன் காலத்தை வைத்துச் சொன்னது. அந்த மண்ணோடு மனிதப் பொருள் எதுவும் சேர்ந்து கிடைக்கவில்லை என்ற காரணத்தால் 2024 மார்ச்சில் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜப்பானில் யோனாகுனி தீவுக் கடலடியில் 1986இல் கண்ட படிக்கட்டுப் பாறையும், பஹாமாஸ் பக்கம் பிமினியில் 1968இல் கண்ட கல்சாலையும் இதே வகை வழக்குகள்தான். முதலாவது அடுக்குகளும் விரிசல்களும் வெட்டிக்கொண்ட மணற்பாறை, இரண்டாவது சுண்ணாம்பு பிணைத்த கடற்கரைப் பாறை. நம் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையிலும் சுண்ணாம்பு கலந்த மணற்பாறை உண்டு. அதில் நேர் விரிசல் தெரிந்த மறுநாளே மூழ்கிய துறைமுகம் என்று செய்தி கிளம்பிவிடும்.

மனுவில் எழுதியது

இப்போது மனு. இயற்கை என்று எழுதினால் குவாரிக்காரர்களுக்கு வழிவிட்டதாகுமே என்ற அச்சம் கடைசிவரை இருந்தது. அதற்கு என்னிடம் இருந்த பதில் வெறும் ஆறுதல் அல்ல. சென்னைப் பரங்கிமலையின் சார்னோக்கைட் என்ற வகைப் பாறை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தேசிய நிலவியல் சின்னங்களில் ஒன்று. அந்தப் பாறையை யாரும் கட்டவில்லை. மதுரை அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அங்கே குன்றும் சுனையும் பறவையும் ஒரு பக்கம், சமணர் படுக்கையும் குடைவரையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் ஒரு பக்கம், எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தைக் காத்தன. இயற்கையாக இருப்பது ஒரு பாறையின் குற்றம் அல்ல. அதை அப்படியே சொல்லிக் கேட்பதற்கு வழி இருக்கிறது. பொய்யாகக் கோட்டை என்று எழுதினால், முதல் அதிகாரி வந்து பார்த்த அன்றே மனு விழுந்துவிடும். மனுவோடு சுனையின் காடியும் சேர்ந்து நம்பகத்தன்மை இழக்கும். அடுத்த அமாவாசைக்கு வெடியோடு வேறு யாராவது வரவும் கூடும்.

ஆகவே மனுவில் இருப்பதை உள்ளபடி எழுதினோம். வடகிழக்குச் சரிவில் உள்ள சுவர் போன்ற அமைப்பு இயற்கையான விரிசல்களால் ஆனது, உள்ளே அறையோ வெற்றிடமோ இல்லை. இந்த வரியை ஊர் நுழைவில் பலகையாகவும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன், புதையல் தேடி வருபவர்கள் படிக்கட்டும். சுனையின் நீர்க்காடி, படிக்கால்கள், ஆப்புத் துளைகள் மனிதர் வேலை, தொல்லியல் துறையினர் நேரில் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். சுனை நீரை ஆட்டு மந்தைகளும் காட்டு உயிர்களும் நம்பியிருக்கின்றன, பொத்தையைக் குவாரி ஏலத்தில் சேர்க்கக் கூடாது. காடிக்கும் துளைகளுக்கும் காலை வெயிலில் அளவுகோல் வைத்து எடுத்த படங்களை இணைத்தோம். கோட்டை என்ற சொல் மனுவில் எங்கும் இல்லை. ஓரிருவருக்கு அது மனக்குறைதான். ஆனால் கையெழுத்துப் போடாதவர் யாரும் இல்லை.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வெளியூரில் இருந்தெல்லாம் சனம் வரும். அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. வழக்கமாகத் திருவிழாவுக்கு முன் சுனையைத் தூர்வாரி, சுற்றுப் பாறைக்கும் வெள்ளை அடிப்பார்கள். இந்த ஆண்டு தூர் மட்டும் வாரினால் போதும், பாறைக்குச் சுண்ணாம்பு வேண்டாம், உளிப் புள்ளிகளை அது அடைத்துவிடும் என்று கோயில் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம். பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள்.